லாரியில் வந்து இறங்கும் வீடு

பொள்ளாச்சிப் பக்கம் உறவுக்காரர் ஒருவர் தென்னந்தோப்பில் கன்டெய்னர் வீடு இறக்கினார். 40 அடிப் பெட்டி. மெயின் ரோட்டில் ஜோராக வந்த டிரெய்லர் இட்டேரித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, மேலே கரண்டுக் கம்பி. வேலியை வெட்டி, லைன்மேனை வரவழைத்து, கிரேன்காரருக்குக் கூடுதல் வாடகை அழுது, பொழுது சாய்ந்த பிறகுதான் பெட்டி மண்ணைத் தொட்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அமுச்சி கேட்டார்: "ஏங்கண்ணு, இது ஊடா, லாரிப் பொட்டியா?"

அதற்குச் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

நம்பிக்கை: அஸ்திவாரம் கிடையாது, அதனால் அப்ரூவல் வேண்டாம்.

கோவையைச் சுற்றி ஃபார்ம் பிளாட் விற்பவர்களிடம் நான் அதிகம் கேட்ட வசனம் இது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 'கட்டடம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் செங்கல், மண், மரத்தோடு உலோகமும் இருக்கிறது. அஸ்திவாரமில்லாமல் தரைமேல் சும்மா வைத்ததும், சக்கரத்தின்மேல் நிற்பதும்கூட அதில் அடக்கம். ஆக, கிரேனில் வந்தாலும் வீடு வீடுதான்; அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும். இக்கரை போளுவாம்பட்டி போன்ற மலையடிவாரக் கிராமமாக இருந்தால் 'ஹாகா' எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்ளும்.

நம்பிக்கை: பிடிக்கவில்லையென்றால் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

இட்டேரியில் நின்ற டிரெய்லரைப் பார்த்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் இப்படித் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்த வீடுகளுக்கென்றே குடியிருப்புகள் உண்டு. ஃபுளோரிடா போன்ற வெயில் கடலோரங்களில் ஏராளம். பல இடங்களில் வீடு சொந்தம், அடிமனை வாடகை. அங்கேயும் ஒருமுறை வைத்த வீட்டைப் பெரும்பாலானோர் நகர்த்துவதில்லை, செலவு அப்படி. மனைக்காரர் வாடகையை ஏற்றினால் கட்டுவதைத் தவிர வழியில்லை. நம்மூரில் 'குத்தகை', 'பங்கு' என்று பேசிக் காட்டேஜ் விற்றால், பெட்டியின் அழகைப் பார்க்குமுன் பட்டா யார் பெயரில் இருக்கிறது, வில்லங்கச் சான்று என்ன சொல்கிறது என்று பாருங்கள். நமக்கோ சோபா கலர்தான் முதலில் கண்ணில் படுகிறது!

நம்பிக்கை: ரெடிமேட் வீடு நாலு மழைக்குத் தாங்காது.

கடலோரச் சென்னையின் பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள், தூணும் உத்தரமும் தளமும் தனியே வார்த்துக் கொண்டுவந்து பொருத்திக் கட்டியவை. 2022 மே மாதம் திறக்கப்பட்டன. அடுக்குமாடியே எழுப்ப முடிகிற முறை அது. தகரப் பெட்டியையும் அதையும் 'ரெடிமேட்' என்று ஒரே தராசில் நிறுப்பதுதான் குழப்பம்.

நம்பிக்கை: உள்ளே அடுப்பு மாதிரி வேகும்.

இதில் பாதி உண்மை. வெறும் இரும்புப் பெட்டி சித்திரை வெயிலில் வெந்துதான் போகும். சுவருக்கும் கூரைக்கும் வெப்பம் தடுக்கும் பஃப் பேனல் கொடுத்து, மேற்குப் பக்கம் ஜன்னலைக் குறைத்து, கூரைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு இன்னொரு கூரை போட்டால் நிலைமை வேறு. உறவுக்காரர் பேனலில் காசை மிச்சம் பிடித்தார். முதல் கோடையிலேயே தென்னந்தடுக்கு வேய்ந்தார். ஆடிக்காற்று வரும்போது தடுக்கு பறக்காமலிருக்கக் கயிறு போட்டுக் கட்டுகிறார். பழைய சரக்குப் பெட்டியென்றால் இன்னொன்று: அதன் அடிப்பலகைக்குப் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். குழந்தை தவழும் வீட்டில் அதை மாற்றிவிடுவது நல்லது.

அப்புறம், தோட்டத்து இலவச மோட்டார் கரண்டில் ஏசி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மின்சாரச் சட்டம், 2003-ன் 126-வது பிரிவில் இரட்டிப்புக் கட்டணம் போடுவார்கள். வீட்டுக்குத் தனி இணைப்புதான் வேண்டும்.

பெட்டி நிற்பது கான்கிரீட் கட்டைகள்மேல். ஏற மூன்று படி. அமுச்சிக்கு முட்டி மடங்கவில்லை என்று போன மாதம் சாய்தளம் போட்டார்கள். இப்போது அதன்மேல் கொப்பரை காய்கிறது. அமுச்சி வெளியே கயிற்றுக்கட்டிலில்.