டபுள் விசில்

கும்பகோணம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமா எழுதுவது.

வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவாய். காகிதத்தில் வந்தால் ஒரு தடவையாவது முழுசாகப் படிப்பாய் என்று ஒரு நப்பாசை.

நேற்று உன் அம்மா வந்திருந்தாள். உங்கள் ஆபீஸில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீ போட்டோ பிடித்து அனுப்பினாயாம். போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "அண்ணே, செவப்புல போட்டிருக்கறதெல்லாம் என்னண்ணே?" என்றாள். நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளோடு பத்து வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவன். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி 5.9, ரத்த அழுத்தம் 138-க்கு 88. முதல் எண் 5.7-ல் இருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை வியாதிக்கு முந்தைய கட்டம் என்கிறார்கள். 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி நம் நாட்டில் 13.6 கோடிப் பேர் அந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள். என் பாஷையில் சொன்னால் படிக்கட்டில் தொங்குகிறவர்கள். பஸ் கண்டக்டராக 32 வருஷம், படிக்கட்டில் தொங்கினவனையெல்லாம் "உள்ள ஏறி வாய்யா" என்று கத்தியவன் நான். முதல் தடவையாக உன்னிடம்தான் சொல்கிறேன்: இறங்கிவிடு. வண்டி இன்னும் வேகம் எடுக்கவில்லை.

அம்மா இன்னொன்றும் சொன்னாள். நீ ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டி ஜிம்மில் சேர்ந்துவிட்டாயாம். நாளையில் இருந்து காலை ஐந்து மணிக்கு எழுவாயாம், சோறே தொடமாட்டாயாம். அதைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வந்தது. போன வருஷமும் இதே சபதம், 11 நாள் ஓடியது. 12-வது நாள் ராத்திரி உனக்கு அமெரிக்காக்காரனோடு மீட்டிங்.

எனக்கு ஜோடியாக 11 வருஷம் ஓட்டின டிரைவர் அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னை என் மடியில் உட்காரவைத்துக் காது குத்தியபோது, நீ போட்ட கூச்சலுக்கு வாயாலேயே ஏர் ஹாரன் அடித்துக் காட்டியவர். கும்பகோணம்–திருச்சி தடம். ஒரே கேன்டீனில் ஒரே சாப்பாடு, ஒரே நேரத்துக்கு டீ, ஒரே மாதிரி அரைகுறைத் தூக்கம். பீடி, வெற்றிலை எதுவும் அவரிடம் கிடையாது. 2004-ல் ஒரு மத்தியானம் செங்கிப்பட்டிக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இன்ஜினை நிறுத்தினார். அதற்கப்புறம்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். பின்னால் வந்த ஒரு காரில் ஏற்றித் தஞ்சாவூர் கொண்டுபோனோம். பிழைத்துவிட்டார். அப்போது அவருக்கு 48 வயது. எனக்கு அவரைவிட ஒரு வயது கூட.

அவருக்கு வந்தது, எனக்கு ஏன் வரவில்லை? வெகு நாள் இது தலையெழுத்து என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ரிட்டயர் ஆன பிறகு ஒரு விஷயம் படித்தேன். ஜெர்ரி மாரிஸ் என்று லண்டனில் ஒரு டாக்டர். அங்கே இரண்டடுக்கு பஸ். டிரைவர் ஷிஃப்ட் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுப்பார், நாளொன்றுக்கு 500 படிக்கு மேலே. இரண்டு பேரும் ஒரே கம்பெனி ஆள், ஏறக்குறைய ஒரே வசதி. மாரிஸ் கணக்கெடுத்து 1953-ல் லான்செட் பத்திரிகையில் எழுதினார்: கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் வயது தள்ளி வருகிறது. தபால் இலாகாவிலும் பார்த்தார். நடந்தும் சைக்கிளிலும் தபால் கொடுக்கிறவரையும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவரையும் ஒப்பிட்டால், அங்கேயும் இதே கதை. மனுஷர் நேர்மையானவர். அதோடு விடாமல், அந்தக் கம்பெனியில் சீருடை தைத்த அளவுக் கணக்கை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பளவு பெரிதாக இருந்தது. அப்படியானால் படியேறுவது மட்டும்தான் காரணமா, ஆளே வேறு மாதிரி ஆளா என்று தன் முடிவையே கேள்வி கேட்டார். 1910-ல் பிறந்தவர், 99 வயது வரை இருந்தார்.

படித்ததும் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது. கொஞ்ச நேரத்தில் வெட்கமும் வந்தது. ஏனென்றால் அந்த 32 வருஷத்தில் உடம்புக்கென்று நான் வேண்டுமென்றே செய்த நல்லது ஒன்றுகூட இல்லை. முன்படியில் டிக்கெட் போட்டு, பின்படி வரை போய், அடுத்த ஸ்டாப்பில் ஏறினவனுக்காக மறுபடி முன்னால் வருவேன். பிரேக் போட்டால் தோளைக் கம்பியில் முட்டுக்கொடுத்து, நீளவாக்கில் மடித்த நோட்டுகள் இடது கை விரலிடுக்கில் நழுவாமல் வலது கையால் டிக்கெட்டைக் கிழிப்பேன். தேகப்பயிற்சி என்று யாரும் அதைச் சொல்லவில்லை, வயிற்றுப்பாடு என்றார்கள். என் உடம்பை பஸ்தான் பார்த்துக்கொண்டது, மாப்பிள்ளை. பஸ் போனதும் என்ன ஆயிற்று என்று கேள்: 2013-ல் ரிட்டயர் ஆகி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபது மாதத்தில் பேண்ட் 34-ல் இருந்து 38. சாப்பாடு மட்டும் டியூட்டி பார்த்த காலத்துச் சாப்பாடு.

ஆக, வைராக்கியத்தை நம்பாதே. எனக்கும் கிடையாது, உனக்கும் கிடையாது, நம் வம்சத்திலேயே கிடையாது. டியூட்டி போட்டுக்கொள். அதிகாலை நாலு மணி சர்வீஸுக்கு "இன்னைக்கு உனக்கு இஷ்டமா?" என்று டிப்போவில் என்னை யாரும் கேட்டதில்லை. சார்ட்டில் பெயர் இருந்தது, போனேன்.

உன் சார்ட்டில் நான் போடும் முதல் டியூட்டி இதுதான். ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவிய கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கு. டிரெஸ் மாற்றாதே, ஷூ தேடாதே. தேடப் போனால் போன் கையில் வந்துவிடும், அப்புறம் நீ எங்கே இறங்கப்போகிறாய்? பதினைந்து நிமிடம் நட. சாப்பிட்டு எழுந்ததும் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையை, வேலை செய்கிற கால் தசை எடுத்துக்கொள்ளும். உட்கார்ந்திருக்கிற தசைக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது. மத்தியானம் ஆபீஸிலும் இதே மாதிரி பதினைந்து நிமிடம். வாரத்தில் ஐந்து நாள் செய்தால் 150 நிமிடம் ஆயிற்று. உலக சுகாதார நிறுவனம் குறைந்தபட்சமாகக் கேட்பதே அவ்வளவுதான். வேகம்? நடக்கும்போது பேச வரவேண்டும், பாட வரக்கூடாது. நீ பாடினால் உன் சோழிங்கநல்லூர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்பது வேறு விஷயம்.

கையில் கட்டியிருக்கிறாயே, அந்த வாட்ச் 10,000 அடி கேட்டு நச்சரித்தால் கண்டுகொள்ளாதே. 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரில் பிறந்த எண் அது. மருத்துவர்கள் வகுத்தது அல்ல. 4,000 நடக்கிறவன் 6,000 நடந்தாலே லாபம்தான்.

ஜிம்முக்கு நான் விரோதி இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் தசைக்குப் பலம் கொடுக்கிற வேலை வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். கட்டின பணத்துக்கு அந்த இரண்டு நாள் போய் வா, போதும்.

சோற்றை விடாதே. சோற்றை விட்டவன் ஒரே வாரத்தில் பரோட்டாக் கடை வாசலில் நிற்பான். நான் பார்த்திருக்கிறேன், நானே நின்றிருக்கிறேன். சோறு பாதி, கீரையும் பொரியலும் சுண்டலும் மீதி என்று தட்டை மாற்றிப் போடு. உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், ஒரு டீஸ்பூன்கூட இல்லை. உன் அம்மா கொடுத்தனுப்புகிற நார்த்தங்காய் ஊறுகாயே அதில் பாதியைத் தின்றுவிடும். அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் என்னைப் பார்த்துக் கெட்டுப்போகாதே. வழியில் இறங்கி ஒதுங்க இடம் கிடைக்காது என்று டிரிப் முடியும் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் ஓட்டின காலம் அது. 1998-ல் சிறுநீரகத்தில் கல். அய்யம்பேட்டையில் தொடங்கின வலி, தஞ்சாவூர் போவதற்குள் என்னை ஆறு குலதெய்வத்தைக் கூப்பிட வைத்தது. எனக்கு இருப்பதே ஒரு குலதெய்வம். உனக்கு நாலடி தூரத்தில் ஏ.சி. போட்ட பாத்ரூம் இருக்கிறது. குடி.

தூக்கத்துக்கு வருகிறேன். உன் வேலை நேரத்தை நான் மாற்ற முடியாது, நீயும் மாற்ற முடியாது என்று தெரியும். படுக்கிற நேரம் முன்னே பின்னே ஆனாலும் எழுகிற நேரத்தை ஒன்றாக வை, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. ஏழு மணி நேரமாவது அந்தக் கணக்கில் வரவேண்டும். எழுந்ததும் பால்கனிக்கு வந்து வெளிச்சத்தில் நில். உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துத்தான் மணி திருத்திக்கொள்கிறது. சாயங்காலம் ஆறுக்குக் குடிக்கிற டீயில் பாதி, பதினோரு மணிக்கும் ரத்தத்திலேயே இருக்கும். மீட்டிங்கை நடத்துவதற்கு என்று நீ ஒன்பதரைக்குக் குடிப்பதாகக் கேள்வி. ஒன்பதரை டீ மீட்டிங்கை நடத்திவிட்டு உன்னையும் விடியவிடிய உட்காரவைத்துவிடும்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று காபி ஆறும் வரை யோசித்தேன்.

ரிட்டயர் ஆனபோது என்னைக் கெடுத்தது இடுப்பு மட்டுமில்லை. ஒரு நாளைக்கு ஐந்நூறு அறுநூறு முகத்தைப் பார்த்தவன். "சில்லறை இருக்கா", "பாபநாசம் எறங்கு", "கொழந்தையப் பிடிம்மா" என்று தொண்டை காயப் பேசினவன். திடீரென்று வீட்டில் நாலு சுவரும் உன் அத்தையும். அவளிடம் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. 32 வருஷம் ஓடி ஓடி, பேசப் பழகவே இல்லை. முதலில் கோபமாக வந்தது. சட்னியில் காரம் என்று தட்டைத் தள்ளினேன். பிறகு கோபமும் போய், விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு ஓட்டை வெறித்துப் பார்ப்பேன். டிவி ஓடும், என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. இப்படி நாலு மாதம். இதற்குப் பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும், கண்டக்டருக்கு எதுக்குய்யா மனசு டாக்டர் என்று சிரித்திருப்பேன்.

அத்தைதான் ஒரு வேலை செய்தாள். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பால் பாக்கெட்டை என்னைக் கேட்காமல் நிறுத்திவிட்டாள். "காபி வேணும்னா போயி வாங்கிட்டு வாங்க" என்றாள். முணுமுணுத்துக்கொண்டே போனேன். பால்காரர், பூ கட்டுகிற அம்மா, பேப்பர் போடுகிற பையன். நாலாம் நாள் பால்காரரே, "என்ன சார், நேத்து லேட்டு?" என்று கேட்டார். யாரோ நம் நேரத்தைக் கவனிக்கிறார்கள் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அந்த நடை மகாமகக் குளம் வரை நீண்டது. டிரைவர் அண்ணனும் அங்கே வருவார். குளத்தைச் சுற்றி 16 மண்டபம். எந்த மண்டபத்தில் பேச்சு சண்டையாக மாறும் என்று எங்களுக்கே தெரியும்.

நீ ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் வாய் திறந்து பேசுகிறாய்? மீட்டிங் கணக்கில் வராது. சாப்பாடு செயலியில் வருகிறது, கொண்டுவருகிறவர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அம்மாவுக்கு "சாப்டேன்" என்று ஒரு வார்த்தை, அதுவும் டைப் அடித்து. அவள் அந்த ஒற்றை வார்த்தையைப் பத்து தடவை எடுத்துப் பார்க்கிறாள், மாப்பிள்ளை. அதனால் அந்தப் பதினைந்து நிமிட நடையில் இரண்டாவது டியூட்டியையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன்: நடந்துகொண்டே அம்மாவைக் கூப்பிடு. விஷயம் எதுவும் இருக்க வேண்டாம். முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி வந்த கதையை அவள் சொல்வாள், கேட்டுக்கொண்டே நட. ஒரு நாள் என்னைக் கூப்பிடு. ஒரு நாள் உன் காலேஜ் சிநேகிதனைக் கூப்பிடு.

இவ்வளவும் செய்து, அப்படியும் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் தாறுமாறாகப் போனால் மறைக்காதே. 14416 என்று ஒரு எண் இருக்கிறது, டெலி மானஸ். அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். எனக்கு அந்த நாலு மாதம் இருந்தபோது அது வரவில்லை. போனில் பதிந்து வை. ரத்த அழுத்தத்துக்கும் ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிடு. ஆபீஸ் மிஷின் ஒரு நாள் காட்டிய எண்ணை வைத்துப் பயப்படவும் வேண்டாம், அலட்சியமாக விடவும் வேண்டாம்.

சோம்பல் வரும் ராத்திரிகள் வரத்தான் செய்யும். மழை, தலைவலி, கிரிக்கெட். அன்றைக்கு லிஃப்ட் வரை போய்த் திரும்பு. சிங்கிள் டிரிப் ஆனாலும் டிரிப் அடித்த கணக்கு வந்துவிடும்.

அம்மா வெள்ளிக்கிழமை உன்னைப் பார்க்க வருகிறாள். அவளிடம் ஒரு அலாரம் கடிகாரம் கொடுத்தனுப்புகிறேன். நாலு மணி சர்வீஸுக்கு என்னை எழுப்பிய அதே கடிகாரம், ரிப்பேர் பார்த்து வைத்திருக்கிறேன். போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டு இதைத் தலைமாட்டில் வை. பின்னால் இரண்டு சாவி இருக்கும். பெரியது மணிக்கு, சின்னது அலாரத்துக்கு. தினம் ராத்திரி நடந்துவிட்டு வந்ததும் இரண்டுக்கும் சாவி கொடு. ரொம்ப இறுக்காதே, ஸ்பிரிங் பழசு.

அன்புடன்,
மாமா