முதலில் நிற்கட்டும், அப்புறம் ஓடட்டும்: பழைய மாருதி 800-ஐத் தேற்றுவது எப்படி?

"மச்சான், நாப்பதாயிரத்துக்கு ஒரு எண்ணூறு வருது. எடுத்துடலாமா? மேல ஒரு இருபது போட்டா அலாய் வீல், செட்டு, புது பெயின்ட்டு, செமையா ஆக்கிடலாம்!"

நம்ம ஹாஸ்டலில் வருஷத்துக்கு ஒரு முறையாவது இந்தப் பேச்சு கிளம்பும். காரை எடுப்பதில் தப்பே இல்லை. பொறியியல் படிக்கிறவனுக்கு ஒரு பழைய காரை விட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது. ஆனால் அந்த இருபதாயிரத்தை எந்த வரிசையில் செலவு செய்கிறோம் என்பதுதான் கேள்வி. இந்தக் கட்டுரை முழுக்க அந்த வரிசையைப் பற்றித்தான்.

வரிசை தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையே சாட்சி. எங்க சித்தப்பா ஒரு பழைய 800 வாங்கினார். முதல் மாதமே ஸ்பீக்கரும் சீட் கவரும் போட்டாச்சு. ஒரு நாள் ராத்திரி வில்லியனூரிலிருந்து திருபுவனை திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர். பின்விளக்கும் இல்லை, ரிஃப்ளெக்டரும் இல்லை. எங்கள் ஹெட்லைட் மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி மஞ்சளாக எரிந்தது. கரும்புத் தோகை கண்ணுக்குத் தெரிந்தபோது ரொம்பக் கிட்டே வந்துவிட்டோம். சித்தப்பா பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை, வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. எதிரே வண்டி வராததால் பிழைத்தோம். ஸ்பீக்கரில் பாட்டு மட்டும் அருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்ட வரிசை இதுதான்: நிற்கணும், தெரியணும், கொதிக்கக் கூடாது, அறுந்து நடுவழியில் விடக்கூடாது. அழகும் பாட்டும் கடைசியில்.

ஏன் மாருதி 800?

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை ஹர்பால் சிங் என்பவரிடம் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். இடைப்பட்ட 30 ஆண்டுகளில் இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேல் விற்றன. அந்த முதல் கார் கூட உரிமையாளர் மறைந்த பிறகு வீட்டு வாசலில் துருப்பிடித்துக் கிடந்தது. பின்னர் நிறுவனமே அதைப் புதுப்பித்துத் தன் தலைமை அலுவலகத்தில் வைத்தது. முதல் காருக்கே அந்த நிலைமை என்றால், நாப்பதாயிரத்துக்கு வரும் கார் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

796 சி.சி., மூன்று சிலிண்டர், முன்சக்கர இயக்கம். பழையவற்றில் கார்புரேட்டர், 2000-ஐ ஒட்டி வந்தவற்றில் எம்.பி.எஃப்.ஐ. எந்த ஊரிலும் உதிரிபாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். கற்றுக்கொள்ள இதைவிட எளிய கார் இல்லை.

வாங்கும் முன்: பல்லைப் பிடித்துப் பாருங்கள்

மதகடிப்பட்டு மாட்டுச் சந்தையில் மாட்டின் வயதை யாரும் விற்பவரிடம் கேட்பதில்லை, பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். காரிலும் அப்படித்தான். மீட்டரில் 60,000 கி.மீ. என்று இருந்தால் நம்ப வேண்டாம். பெடல் ரப்பர் மழுங்கியிருக்கிறதா, ஓட்டுநர் சீட் அமுங்கியிருக்கிறதா, ஸ்டீயரிங் வழவழப்பாகிவிட்டதா என்று பாருங்கள்.

பாக்கெட்டில் ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். துணியில் சுற்றி கதவின் அடிப்பக்கம், சக்கர வளைவு என்று வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. கால்மிதியைத் தூக்கித் தரையையும், பானெட்டைத் திறந்து சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் பாடியில் சேரும் இடத்தையும் பாருங்கள். கடற்கரை ஓரத்தில் கிடந்த வண்டியென்றால் இன்னும் கவனம். என்ஜினை மாற்றிவிடலாம். ஸ்ட்ரட் உட்காரும் இடம் துருவில் போன வண்டியை விட்டுவிடுங்கள்.

என்ஜின் ஆரோக்கியத்துக்கு கம்ப்ரெஷன் டெஸ்ட். மூன்று சிலிண்டரின் அளவுகளுக்கும் இடையே வித்தியாசம் சதுர செ.மீ.க்கு 1 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒன்று மட்டும் குறைவா? அந்த பிளக் துளையில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ. ஐந்து நிமிட வேலைதான், பேரம் பேசும்போது பெரிய ஆயுதம்.

1. நிற்கணும்

முதலாம் ஆண்டு இயற்பியலில் படித்ததை இங்கே போட்டுப் பார்ப்போம். நிற்கும் தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × உராய்வுக் கெழு × 9.81). வேகம் மணிக்கு 60 கி.மீ., அதாவது நொடிக்கு 16.7 மீட்டர்.

நல்ல டயர், நல்ல பிரேக், உராய்வுக் கெழு 0.7 என்றால் சுமார் 20 மீட்டரில் நிற்கும். வழுக்கை டயர், ஈரச் சாலை, கெழு 0.4 என்றால் சுமார் 35 மீட்டர். இது பிரேக் பிடித்த பிறகு. மூளை யோசித்துக் கால் நகர ஒரு நொடி ஆனால் அதற்கே 16.7 மீட்டர் தனி.

"பதினஞ்சு மீட்டர்தானே" என்று தோன்றுகிறதா? நல்ல கார் நின்றுவிட்ட அதே புள்ளியில் அந்த வழுக்கை டயர் கார் என்ன வேகத்தில் இருக்கும்? கணக்குப் போட்டால் மணிக்கு 39 கி.மீ.! ஒருவன் நிற்கிற இடத்தில் இன்னொருவன் 39-இல் மோதுகிறான். வித்தியாசம் டயரும் சாலையின் ஈரமும்தான்.

ஆகவே முதல் செலவு டயர். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பள்ளம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றியே ஆகணும். பள்ளம் நிறைய இருந்தாலும் ரப்பர் வெடித்துக் காய்ந்திருந்தால் அதுவும் கழிவுதான்.

அடுத்து பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால்தான் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும்.

பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? பெரும்பாலும் முன் டிஸ்க் காலிப்பர் பிஸ்டன் ஒரு பக்கம் இறுகியிருக்கும். பின் டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டர் கசிகிறதா என்றும் பாருங்கள். சித்தப்பா வண்டியில் இடது காலிப்பர் வேலையே செய்யவில்லை. வலது பக்கம் மட்டும் பிடித்ததால்தான் வண்டி எதிர்ப்பாதைக்கு இழுத்தது.

2. தெரியணும்

ஹெட்லைட் மங்கல் என்றதும் எல்லாரும் பெரிய வாட் பல்பு வாங்கப் போகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். லேபில் இருக்கிற மல்டிமீட்டர் ஒன்று போதும். விளக்கைப் போட்டுவிட்டு பேட்டரி முனையில் ஒரு முறை, பல்பு சாக்கெட்டில் ஒரு முறை வோல்ட்டேஜ் பாருங்கள்.

60 வாட் பல்பு இரண்டு, 12 வோல்ட்: மொத்தம் 10 ஆம்பியர். பழைய வயர், கருகிய சுவிட்ச், துருப்பிடித்த எர்த் எல்லாம் சேர்ந்து 0.12 ஓம் தடை இருந்தால் 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். வோல்ட்டேஜில் 10 சதவீதம்தான் குறைவு. ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜின் ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்கில் மாறும். எனவே வெளிச்சத்தில் சுமார் 30 சதவீதம் காலி!

பெரிய பல்பு போட்டால் கரண்ட் கூடும், இழப்பும் கூடும், சுவிட்ச் உருகும். சரியான வழி ரிலே. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக ரிலேயின் 30-க்கு ஒரு கனமான வயர், 87-இலிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. இப்போது பழைய சுவிட்ச் தாங்குவது ரிலே சுருளின் சின்னக் கரண்ட் மட்டும்தான். ஹைபீமுக்கு ஒன்று, லோபீமுக்கு ஒன்று. ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். இந்தக் காரில் செய்யக்கூடிய உண்மையான அப்கிரேட் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

3. கொதிக்கக் கூடாது

பல பழைய வண்டிகளில் தெர்மோஸ்டாட்டே இருக்காது. "நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்குப்பா அது" என்று யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வரத் தாமதமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். திரும்பப் போடுங்கள்.

ரேடியேட்டர் மூடி சின்னப் பொருள்தான். ஆனால் அதன் ஸ்பிரிங்தான் உள்ளே அழுத்தத்தைக் காக்கிறது. அழுத்தம் ஒரு பார் கூடினால் தண்ணீர் 100-இல் அல்ல, 120 டிகிரியில்தான் கொதிக்கும். தளர்ந்த மூடியால் அந்த 20 டிகிரி பாதுகாப்பு போய்விடுகிறது.

போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். வீட்டுக் குடத்தின் அடியில் படிகிற அதே வெள்ளை உப்பு ரேடியேட்டர் குழாயையும் அடைக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான். ஆயில் மூடிக்கு அடியில் பால் காபி நிறத்தில் பசை இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். தினமும் குறுகிய தூரமே ஓடும் வண்டியிலும் கொஞ்சம் அப்படி இருக்கலாம். கூலன்ட் மட்டமும் இறங்குகிறது என்றால் சந்தேகம் உறுதி.

4. நடுவழியில் விடக்கூடாது

டைமிங் பெல்ட் ரப்பர். கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றுவது அதுதான். பழைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்று பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு புதுசு போடுங்கள்.

அடுத்தது பெட்ரோல் ஹோஸ். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயும் கேஸ்கெட்டும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி, வெடித்து, சூடான என்ஜின் மேல் சொட்டினால் தீதான். எல்லாக் குழாயையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், கிளிப்பும் புதுசு. எத்தனால் எரிய பெட்ரோலைவிடக் குறைந்த காற்று போதும். கார்புரேட்டர் அதைத் தானாகக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளாது. கலவை மெலிந்து வண்டி திணறினால் டியூனிங் பார்க்கணும்.

அலாய் வீல் பக்கம் வருவோமா?

கணக்கோடு வருவோம். 145/70 ஆர்12 டயரின் மொத்த விட்டம் 508 மி.மீ. "13 இஞ்ச் போட்டா கெத்தா இருக்கும்" என்று 155/80 ஆர்13 போட்டால் 578 மி.மீ. கிட்டத்தட்ட 14 சதவீதம் பெரிசு. மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் உண்மையில் போவது 68. இழுவையும் 12 சதவீதம் குறையும். பாவம், அந்த 796 சி.சி.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, ஆர்.சி.யில் உள்ள, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ரிலேயும் புது ஹோஸும் அந்த வகையில் வராது. என்ஜினையோ வண்டியின் நிறத்தையோ மாற்றினால் ஆர்.சி.யில் ஏற வேண்டும்.

காகிதமும் ஒரு உதிரிபாகம்தான்

நம்ம சாலையின் வேடிக்கை உங்களுக்குத் தெரியும். கண்டமங்கலத்தில் தமிழ்நாடு, திருபுவனையில் மறுபடி புதுச்சேரி. டி.என். வண்டி மலிவாக வருகிறதே என்று எடுப்பவர்கள் கவனிக்க: வேறு மாநிலப் பதிவு வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே பதிவு எண் மாற்ற வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

15 ஆண்டு முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல் 1 முதல் அதற்கான கட்டணம் 600-இலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். நாப்பதாயிரம் ரூபாய் காருக்கு இது கால் பங்கு! பேரம் பேசும் முன் ஆர்.சி.யில் தேதியைப் பாருங்கள். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இல்லாமல் கேட்டைத் தாண்டாதீர்கள்.

வீட்டுப்பாடம்

கார் வாங்காதவர்களுக்கும் ஒரு வேலை. இந்த வாரம் ஊருக்குப் போகும்போது வீட்டு வண்டியோ மாமா வண்டியோ, எதுவானாலும் டயரின் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். ராத்திரி ஹெட்லைட்டைப் போட்டு பல்பு முனையில் வோல்ட்டேஜ் பாருங்கள். பிரேக் ஆயில் டப்பாவைத் திறக்காமல் வெளியிலிருந்தே நிறத்தைப் பாருங்கள், டிக்காஷன் நிறமா என்று.

சித்தப்பா வண்டியில் இப்போது நான்கு புது டயர், இரண்டு ரிலே, சரி செய்த காலிப்பர். பெயின்ட் அதே பழசுதான், கதவில் பட்டி தெரிகிறது. ஆனால் போன வாரம் அதே சாலையில், அதே மாதிரி ஒரு கரும்பு வண்டியைத் தூரத்திலேயே பார்த்து, மெதுவாக்கி, நிதானமாக ஒதுங்கிப் போனோம். "என்னடா, பாட்டு போடலையா?" என்றார் சித்தப்பா. அப்புறம்தான் போட்டேன்.