ஒரே எண், இரண்டு வாச்சு



எங்க தாத்தா எட்டு மாதமாக நின்றுபோன வாச்சைத்தான் கையில் கட்டிக்கொண்டிருந்தார். யாராவது மணி கேட்டால் முதலில் அதைப் பார்ப்பார். அப்புறம் அம்மாவின் செல்போனைப் பார்த்துச் சொல்வார். அது சாவி கொடுக்கிற எச்.எம்.டி. ஜனதா வாச்சு. 1984-ல் முதல் சம்பளத்தில் வாங்கியது. அதைப் பார்த்துத்தான் தினமும் விடியற்காலை ரயிலைப் பிடித்து வேலைக்குப் போனாராம்.

மாமா சென்னையில் ஒரு கடையில் அதே ஜனதா மாடலைப் "புத்தம் புதுசு" என்று சொன்னதை நம்பி வாங்கி வந்தார். பளபளன்னு இருந்தது. தாத்தா அதைக் காதில் வைத்துக் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டார். எனக்கு ஏன் என்று தெரிய வேண்டும்போல் இருந்தது.

கொஞ்சம் வரலாறு

எச்.எம்.டி. மத்திய அரசு நிறுவனம். 1953-ல் பெங்களூரில் தொடங்கியது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தார்கள். 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச்சஸ் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆனாலும் பழைய ஜனதாவைத் தேடி வாங்குகிறவர்கள் நிறைய பேர். அதனால் பழைய மெஷினை எடுத்து, புது டயல், புது கூடு போட்டும் விற்கிறார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

இரண்டையும் பஜாரில் வாச்சு ரிப்பேர் செய்யும் தாத்தாவிடம் கொண்டுபோனோம். அவர் பாதி தெலுங்கு, பாதி தமிழில் பேசுவார். கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு இரண்டையும் திறந்தார். "சூடு பாப்பா" என்று எனக்கும் காட்டினார். இரண்டு மெஷினிலும் 0231 என்ற எண் பொறித்திருந்தது! அதாவது இரண்டும் ஒரே வகை.

சாவி கொடுத்தால் மெயின் ஸ்பிரிங் சுருண்டுகொள்ளும். நாம் படித்த நிலை ஆற்றல் இதுதான். அது பிரியும்போது இயக்க ஆற்றலாக மாறிப் பல் சக்கரங்களைச் சுற்றும். எல்லாம் ஒரேயடியாகப் பிரிந்துவிடாமல் பேலன்ஸ் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடி, கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதுதான் டிக் டிக். மணிக்கு 18,000 டிக், விநாடிக்கு 5. ஒரு நாளைக்கு 4,32,000! உராய்வைக் குறைக்க 17 கற்கள் உண்டு. அவை செயற்கை மாணிக்கக் கற்கள்.

தாத்தா வாச்சில் மெயின் ஸ்பிரிங் அறுந்திருந்தது. மற்ற சக்கரமெல்லாம் நன்றாக இருந்தன. மாமா வாங்கியதில் ஸ்பிரிங் நல்லது. ஆனால் சக்கரங்களின் அச்சுமுனை தேய்ந்து, எண்ணெய் காய்ந்து, ஒரு பக்கம் துருவும் இருந்தது. வெளியே புதுசு, உள்ளே பழசு. மாமா முகம் சின்னதாகிவிட்டது.

"இதிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்து அதில் போடலாம். ஒண்ணுதான் பிழைக்கும். எது வேணும்?" என்று கேட்டார். தாத்தா, "புள்ள ஆசையா வாங்கி வந்தான், அதைப் பிரிக்க வேணாம்" என்றார். மாமாதான், "அப்பா, உங்க வாச்சுதான் ஓடணும்" என்று பிடிவாதமாகச் சொன்னார்.

என் சோதனை

பிரிப்பதற்கு முன் ஒரு வாரம் மாமா வாச்சையும், ரிப்பேருக்குப் பின் ஒரு வாரம் தாத்தா வாச்சையும் தினமும் காலை 6 மணிக்குச் சாவி கொடுத்து, செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டேன்.

மாமா வாச்சு: 7 நாளில் 28 நிமிடம் பின்தங்கியது.
தாத்தா வாச்சு: 7 நாளில் 4 நிமிடம் 40 விநாடி பின்தங்கியது.

அதே ஸ்பிரிங், அதே எண். அப்படியானால் வித்தியாசம் சக்கரங்களில்தான் என்று எழுதிப்போனேன். அறிவியல் டீச்சர், "தாத்தா வாச்சைக் கழுவி எண்ணெய் போட்டார்களா?" என்று கேட்டார். போட்டார்கள். "அப்போ இரண்டு விஷயம் மாறியிருக்கே, எதனால் என்று எப்படிச் சொல்வாய்?" என்றார். உண்மைதான். தேய்மானமா, எண்ணெயா என்று பிரித்துச் சொல்ல என் சோதனை போதாது. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். டயலையும் எண்ணையும் பார்த்து மட்டும் வாச்சு வாங்கக் கூடாது. பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.

தாத்தா இப்போது யாரும் கேட்காமலே மணி சொல்கிறார். அன்றைக்கு ஏன் கீழே வைத்தீர்கள் என்று கேட்டேன். "சத்தம் களைச்சுப் போயிருந்துச்சும்மா, அவன் மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல" என்றார்.

ஸ்பிரிங் இல்லாத அந்த மெஷினை மாமா நம் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். அறிவியல் அறை மேசையில் கண்ணாடி டப்பாவில் இருக்கிறது. 0231-ஐத் தேடிப் பாருங்கள். மூடியைத் திறக்காதீர்கள்!

சிந்திக்க: 40 நிமிட வகுப்பில் தாத்தா வாச்சு எத்தனை டிக் அடிக்கும்?
(விடை: 12,000)


— 9-ஆம் வகுப்பு மாணவி