கால்பந்து நடுவர்: சேர்வது எப்படி, ஊர் மாறினால் என்ன செய்வது?

உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர் பக்கம் மாலையானால் பந்தும் கையுமாக நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். 2019 மார்ச்சில் சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டம் வென்றது நம் கோவை நேரு ஸ்டேடியத்தில்தான். ஆனால் பந்து விளையாடும் எல்லாருக்கும் பெரிய அணியில் இடம் கிடைக்காது. இருபது வயதுக்கு மேல் பலர் ஆட்டத்தை விட்டே விலகிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது: நடுவர் பணி. இதற்கு மாதச் சம்பளம் கிடையாது. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று படி உண்டு. படிப்பு, வேலை, கடை வியாபாரத்துக்கு இடையிலும் செய்யலாம்.

சேரும் வழி

வாசல் மாவட்டக் கால்பந்து சங்கம். அதற்கு மேல் தமிழ்நாடு கால்பந்து சங்கம், அதற்கு மேல் 1937இல் தொடங்கிய அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம். புதியவர்களுக்கான நடுவர் வகுப்பு எப்போது நடக்கும் என்று மாவட்டச் சங்கத்தில் கேட்டு, பெயரைப் பதிவு செய்ய வேண்டும். வயதுச் சான்று, அடையாள அட்டை, புகைப்படம், மருத்துவச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

வகுப்பில் 17 ஆட்ட விதிகளையும் கற்றுத் தருவார்கள். பிறகு எழுத்துத் தேர்வு, உடல் தகுதித் தேர்வு. உடல் தேர்வை லேசாக எண்ண வேண்டாம். சர்வதேச ஆண் நடுவருக்கான அளவு இது: 40 மீட்டர் ஓட்டம் 6 முறை, ஒவ்வொன்றும் 6 விநாடிக்குள். அடுத்து 75 மீட்டரை 15 விநாடியில் ஓடி, 25 மீட்டரை 18 விநாடியில் நடக்க வேண்டும். இப்படி 40 தடவை. ஆரம்ப நிலையில் இவ்வளவு கடுமை இல்லை என்றாலும் பயிற்சி இல்லாமல் முடியாது. ரமலான் மாதத்தை ஒட்டித் தேர்வு வந்தால், இரண்டு மாதம் முன்பே பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள்.

ஏறும் படிகள்

மாவட்ட ஆட்டங்களில் அனுபவம் சேர்ந்தபின் மாநில நிலை, பிறகு தேசிய நிலை, கடைசியில் ஃபிஃபா பட்டியல். அந்தப் பட்டியலில் சேர நடுவருக்குக் குறைந்தது 25 வயது, துணை நடுவருக்கு 23 வயது ஆகியிருக்க வேண்டும். எட்டாத உயரம் அல்ல. தமிழகத்தைச் சேர்ந்த கே. சங்கர் 2002 உலகக் கோப்பையில் துணை நடுவராக நின்றார். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி 2016இல் ஃபிஃபா நடுவரானார்.

ஊர் மாறும்போது

நம் பிள்ளைகள் பலர் இடறுவது இங்கேதான். கோவையில் இரண்டு, மூன்று வருடம் நடுவராக இருந்தவர் வேலைக்காகப் பெங்களூருக்கோ துபாய்க்கோ போகிறார். யாரிடமும் சொல்வதில்லை. அங்கே போய்ச் சங்கத்தின் கதவைத் தட்டினால், கையில் சான்று எதுவும் இல்லை. சான்று இல்லாதவரைப் புதிய சங்கம் புதியவராகத்தானே பார்க்கும்? பாடுபட்ட வருடங்கள் கணக்கில் வராமல் போகின்றன.

மேல்நிலைத் தேர்வுக்கு நடுவரின் பெயரை அனுப்புவது அவருடைய மாநிலச் சங்கம். ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு சங்கங்களில் கால் வைக்க முடியாது. மாவட்டம் மாறினால் இரு மாவட்டச் சங்கங்களுக்கும், மாநிலம் மாறினால் இரு மாநிலச் சங்கங்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பழைய சங்கத்திடம் தடையில்லாச் சான்று வாங்குங்கள். தேர்ச்சிச் சான்றிதழ், நடத்திய ஆட்டங்களின் பட்டியல், கடைசி உடல் தேர்வின் முடிவு ஆகியவற்றை நகலெடுத்து வையுங்கள். பாக்கி இருந்தால் கட்டிவிட்டு, சலாம் சொல்லி விடைபெறுங்கள். நாளை திரும்பி வந்தால் அதே வாசல்தான்.

வெளிநாடு என்றால் சம்மேளனமே வேறு. இங்குள்ள தகுதி அங்கே தானாகச் செல்லாது; ஆனாலும் ஆவணங்கள் இருந்தால் பேச ஓர் ஆதாரம் இருக்கும்.

ஒரு சகோதரியின் பயணம்

ஹிபா ஸஅதியா சிரியாவில் வளர்ந்த பாலஸ்தீனப் பெண். போரால் 2012இல் மலேசியா சென்று, அங்கே நடுவர் பணியில் இறங்கினார். 2016இல் குடும்பத்தோடு ஸ்வீடனில் குடியேறி, அங்குள்ள லீக் ஆட்டங்களிலும் பணியைத் தொடர்ந்தார். 2023 பெண்கள் உலகக் கோப்பையிலும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஹிஜாப் அணிந்தபடியே துணை நடுவராக நின்றார். கால்பந்து விதிகளை வகுக்கும் வாரியம் ஆட்டக்காரர்கள் தலையை மறைக்க 2014லேயே அனுமதி தந்துவிட்டது. நம் பெண் பிள்ளைகளுக்கும் இந்த வழி மூடப்படவில்லை.

பெற்றோர் கவனத்துக்கு

நடுவரின் விசில் ஓர் அமானிதம். சொந்தத் தெரு அணி ஆடினாலும் தவறைத் தவறென்று சொல்லும் பழக்கம் அதில் வரும். மகனோ மகளோ ஆர்வம் காட்டினால் தடுக்காதீர்கள். இன்றே ஒரு கோப்பு வாங்கி, முதல் சான்றிதழிலிருந்தே எல்லாவற்றையும் அதில் சேர்த்து வரச் சொல்லுங்கள். ஊர் மாறும் நாளில் இன்ஷா அல்லாஹ் அது கைகொடுக்கும்.