கணினி கேள்வி–பதில்: வேறு வேறு பிராண்டு ரேம் சேர்க்கலாமா?

கேள்வி: என் டெஸ்க்டாப்பில் கிங்ஸ்டன் 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இருக்கிறது. கடையில் கோர்செய்ர் 8 ஜிபிதான் இருக்கிறதாம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் மதர்போர்டு போய்விடும் என்கிறார் நண்பர். உண்மையா?
– வாசகர், திருப்பூர்

பதில்: மதர்போர்டெல்லாம் போகாது, தைரியமாகப் போடுங்கள். இந்த இரண்டு கம்பெனிகளுமே மெமரி சிப் செய்பவை அல்ல. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் போன்றவர்களிடம் சிப் வாங்கித்தான் ரேம் ஆக்குகிறார்கள். ஒரே பிராண்டு, ஒரே மாடல் என்று வாங்கினாலும் போன வருடத்து ரேமில் ஒரு சிப், இந்த வருடத்து ரேமில் வேறு சிப் இருக்கலாம். அதனால் ஸ்டிக்கரில் உள்ள பெயரை விட்டுவிட்டு வேகம், சிஎல் (தாமத எண்), வோல்டேஜ் மூன்றையும் பாருங்கள். 2666-உடன் 3200 சேர்த்தால் இரண்டும் 2666-இல்தான் ஓடும். புதியது 1.35 வோல்ட் எக்ஸ்எம்பி ரேம் என்றால், பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பை) அணைத்தே வையுங்கள். பழைய 1.2 வோல்ட் ரேமை அந்த வேகத்துக்கு இழுக்க வேண்டாம்.

கேள்வி: டிடிஆர்3 போர்டில் டிடிஆர்4 ரேம் போட வழி உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கிடையாது. வெட்டு இருக்கும் இடமே வேறு. அழுத்தினால் ஸ்லாட் உடையும்.

கேள்வி: நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேமையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். வேகம் கூடவே இல்லையே?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: எப்படிக் கூடும்? பக்கத்துப் பக்கத்து ஸ்லாட் பெரும்பாலான போர்டுகளில் ஒரே சேனல், அதாவது பிராசஸருக்கு ஒரே பாதை. பிராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4-இல் மாற்றுங்கள். போர்டோடு வந்த புத்தகத்திலும் ஒருமுறை சரிபாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினி என்றால் வித்தியாசம் கேமில் உடனே தெரியும்.

கேள்வி: ஆடிட்டர் அலுவலகக் கணினியில் வேறு பிராண்டு ரேம் சேர்த்ததிலிருந்து அடிக்கடி நீலத்திரை. கடைக்காரர் இரண்டு முறை ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டுக் கொடுத்தார். மறுபடி வருகிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: ரேம் சேர்த்த பிறகு வந்த கோளாறுக்கு விண்டோஸ் என்ன செய்யும்? எதற்கெடுத்தாலும் ஃபார்மட் என்கிற பழக்கத்தை நம் ஊர்க் கடைகள் விட வேண்டும். ரேம் பழுது, ஹார்ட் டிஸ்க் பழுதைவிடப் பொல்லாதது. டிஸ்க் போனால் போனது தெரியும். ரேமில் ஒரு பிட் புரண்டால் சத்தமே வராது. கெட்ட கணக்கு அப்படியே டிஸ்க்கில் ஏறும், அங்கிருந்து பேக்கப்புக்கும் போகும். புதிதாகப் போட்ட விண்டோஸும் அதே ரேம் வழியாகத்தானே ஏறியது?

இன்றே அந்தக் கணினியில் என்ட்ரி போடுவதை நிறுத்துங்கள். ரேம் சேர்ப்பதற்கு முன் எடுத்த பேக்கப்பைத் தனியாக எடுத்து வையுங்கள். கரண்டை அணைத்து, ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்து, கிளிப் ‘டக்’கென்று விழும்வரை மாட்டுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தேறவில்லை என்றுதான் அர்த்தம். ‘ஒன்றுதானே’ என்று விடாதீர்கள். பிறகு ஒவ்வொரு ரேமையும் ஒரே ஸ்லாட்டில் தனித்தனியே சோதியுங்கள். ஒன்றில் மட்டும் பிழை என்றால் அதை வாரண்டிக்கு அனுப்புங்கள். தனியே சுத்தம், சேர்ந்தால் பிழை என்றால் ஜோடிதான் ஒத்துப்போகவில்லை. வேகத்தை ஒரு படி குறைத்து மறுபடி சோதியுங்கள். அதிலும் பிழை வந்தால் கடையில் மாற்றிக் கேளுங்கள். சோதிக்காத ரேமில் அடுத்தவர் கணக்கை எழுதக் கூடாது.

கேள்வி: புதிய டிடிஆர்5 ரேம் போட்டு ஆன் செய்தால் ஃபேன் ஓடுகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது. போய்விட்டதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பயப்படாதீர்கள். டிடிஆர்5 போர்டு முதல் முறை புது ரேமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும். நடுவில் சுவிட்சை அணைத்தால் மறுபடி முதலிலிருந்துதான். கால் மணி நேரம் பொறுத்தும் படம் வரவில்லை என்றால், ஒரே ஒரு ரேமை மட்டும் மாட்டிப் பாருங்கள்.