காப்பகம் இருந்தும் நடைபாதை ஏன்?

கேள்வி: சென்னையில் மாநகராட்சி காப்பகங்கள் இருந்தும் பலர் நடைபாதையிலேயே படுக்கிறார்களே?
- வாசகி ஒருவர், தாம்பரம்

பதில்: பிழைப்புதான் காரணம். விடியற்காலையில் கோயம்பேட்டில் மூட்டை இறக்குபவர் மார்க்கெட் பக்கத்தில்தான் படுப்பார். பாரிமுனைப் பக்கம் தலைமுறைகளாக நடைபாதையில் வாழும் குடும்பங்கள் உண்டு. காப்பகங்களோ பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. புருஷன் பெண்டாட்டியைப் பிரித்துத்தான் கூரை தருவோம் என்றால் யார் வருவார்கள்?

லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனைகளை ஒட்டி, நோயாளிகளுக்குத் துணையாக வருவோருக்கு மாநகராட்சி காப்பகம் திறந்தது நல்ல காரியம். ஆனால், பாயும் போர்வையும் வீடாகுமா? ஃபின்லாந்தில் 2008-லிருந்து வீடற்றோருக்கு முதலில் வீட்டுச் சாவி, பிறகுதான் சிகிச்சையும் வேலையும். அங்கே வீடற்றோர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. இங்கே அரசு தரும் வீடு தொலைவில் பெரும்பாக்கத்தில், வேலை பாரிமுனையில்! வேலைக்குப் பக்கத்தில் வீடு கொடுக்கட்டும், நடைபாதை தானாகக் காலியாகும்.