முதலில் மந்தை, பிறகு தெய்வம்

கேள்வி: மிகுபுனைவு நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் மந்தையோடு இடம் விட்டு இடம் அலையும் ஒரு பழங்குடி வருகிறது. இயற்கையைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள். மரத்தோடும் காற்றோடும் பேசுவார்கள், எந்த உயிரையும் கொல்ல மாட்டார்கள், பேராசை என்றால் என்னவென்றே தெரியாது. படித்த நண்பர்கள், “‘அவதார்’ படம் மாதிரி இருக்கிறது, நம்ப முடியவில்லை” என்கிறார்கள். எங்கே பிசகுகிறது? உண்மையான பழங்குடிகளின் சடங்குகளைக் கொஞ்சம் எடுத்துச் சேர்த்தால் சரியாகிவிடுமா?
- வாசகர், திருச்சி

பதில்: அவர்கள் எதைக் கும்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எதைச் சாப்பிடுகிறார்கள் என்று எழுதவில்லை. ஏன் ஓரிடத்தில் தங்காமல் அலைகிறார்கள் என்பதும் இல்லை. பிசகு அங்கேதான்.

நாடோடிகள் யாரும் சும்மா அலைவதில்லை. புல் தீரும், தண்ணீர் வற்றும், கொசு மொய்க்கும், அதனால் கிளம்புகிறார்கள். சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில் கலைமான் மேய்க்கும் நெனெட்ஸ் மக்கள் கோடையில் வடக்கே கடலோரம் போவதற்கு, அங்கே அடிக்கும் காற்றில் கொசுத்தொல்லை குறையும் என்பது ஒரு முக்கியக் காரணம். குளிர்காலத்தில் தெற்கே காட்டுப்பக்கம் திரும்புவார்கள். நம் வீட்டுக் கல்பாசியைப் போன்ற லைக்கன் அங்கே உண்டு. மான்கள் பனியைத் தோண்டி அதைத் தின்னும். உங்கள் மக்களுக்கும் இப்படி ஒரு தடம் வேண்டும். எந்த மாதம் எங்கே, என்ன மேய்க்கிறார்கள், எங்கே தண்ணீர் என்று ஒரு வரைபடம் போடுங்கள். தெய்வத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழில் எழுதுகிறவருக்கு இந்த வரிசை புதிதல்ல. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. தெய்வம் அதற்கு அடுத்த கருப்பொருளில், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் ஆகியவற்றோடு சேர்ந்து வருகிறது. உங்கள் நாவலில் தெய்வம் மட்டும் இவை எதையும் தொடாமல் மேலே மிதக்கிறது.

எந்த உயிரையும் கொல்லாத மேய்ப்பர்கள் என்பதை முதலில் மாற்றுங்கள். குளிர்நாட்டுப் புல்வெளியில் மந்தைதான் சோறு. மங்கோலியாவில் ஆட்டை அறுக்கும் முறையைப் பாருங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, மார்புக்குக் கீழே சின்னதாக ஒரு கீறல் போட்டு, கையை உள்ளே விட்டு, இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாயை விரலாலேயே அறுத்துவிடுவார்கள். ரத்தம் உடம்புக்குள்ளேயே தேங்கும், மண்ணில் சிந்தாது. அதை அள்ளிக் குடலில் நிரப்பி வேகவைப்பார்கள். மண்ணில் ரத்தம் படக்கூடாது என்ற நம்பிக்கை, உணவு வீணாகக் கூடாது என்ற சிக்கனம், ஆட்டை இழுத்தடிக்காமல் சாகவிட வேண்டும் என்ற இரக்கம், மூன்றும் அந்த ஒரு கையசைவில் இருக்கின்றன. அதே வீட்டில் காலையில் காய்ச்சிய முதல் தேநீரையோ பாலையோ, ஒன்பது குழி செதுக்கிய மரக்கரண்டியால் வானத்தை நோக்கித் தெளிக்கும் வழக்கமும் உண்டு. அறுப்பதும் படைப்பதும் அவர்களுக்கு முரண் அல்ல. இயற்கையோடு உறவு என்று நீங்கள் தேடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன். மரத்தோடு பேசும் காட்சிகளை நீக்கிவிட்டு இப்படி ஒரு காட்சி எழுதினால் உங்கள் மக்கள் எழுந்து நடப்பார்கள்.

பயமும் வேண்டும். உங்கள் இயற்கை தாய்மாதிரி கொடுத்துக்கொண்டே இருக்கிறது. மங்கோலியர்கள் மந்தையைக் கொல்லும் குளிர்காலத்தை ‘ஜுட்’ என்கிறார்கள். அதற்கு நிறம் சொல்லிப் பிரிக்கவும் செய்கிறார்கள். புல்லை மூடும் அளவு பனி கொட்டினால் வெள்ளை. பனியே விழாமல் குடிக்க வழியில்லாமல் போனால் கறுப்பு. உருகிய பனி மறுபடி உறைந்து புல்மேல் தகடாகப் படிந்தால் இரும்பு. 2009-10 குளிர்காலத்தில் 80 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் செத்தன. இப்படி ஒரு வானத்துக்குக் கீழே வாழ்கிறவன் அதற்குப் பால் தெளிக்கும்போது, அந்தக் கையில் நன்றியோடு நடுக்கமும் இருக்கும்.

ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ நாவல் (1965) படிக்கவில்லையென்றால் இதற்காகவே படியுங்கள். பாலைவனக் கிரகத்து ஃப்ரெமன் தலைவன் ஸ்டில்கர், பிரபுவின் மேசைமேல் எச்சில் துப்புவான். சுற்றி நிற்பவர்கள் கொதிப்பார்கள். ஆனால் அவன் தன் உடம்பின் ஈரத்தைக் காணிக்கையாகக் கொடுத்திருக்கிறான். செத்தவர் உடம்பின் தண்ணீர் கூட்டத்துக்குச் சொந்தம் என்பதும் அவர்கள் சட்டம். தண்ணீர் இல்லை என்ற ஒரே உண்மையிலிருந்து மரியாதை, சாவு, சொத்து எல்லாம் பிறந்திருக்கின்றன.

இன்னொன்று, உங்கள் மக்களை ஊர்களிலிருந்து முழுக்கப் பிரித்து வைத்திருக்கிறீர்கள். நிஜத்தில் மேய்ப்பருக்கு உழவர் வேண்டும். ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த தஞ்சை வயல்களுக்கு ஆட்டை ஓட்டிவந்து கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். நிலக்காரர் அதற்கு நெல்லோ பணமோ கொடுப்பார். ஆடு பக்கத்துப் பயிரில் வாய் வைத்துவிட்டால் தகராறுதான். கணக்கு, பேரம், கடன், காதல் எல்லாம் வரக்கூடிய இடம் அது. சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’யைப் படித்தால், பேராசை தெரியாதவர்கள் என்று பொதுவாக எழுதக் கை வராது.

இனி, சடங்குகளை எடுத்துச் சேர்க்கலாமா என்ற கேள்வி. அப்படியே எடுக்காதீர்கள். அவை உயிரோடிருக்கும் மனிதர்களுடையவை. 1871-இல் ஆங்கில அரசு கொண்டுவந்த குற்றப் பழங்குடிச் சட்டம், அலைந்து திரியும் பல சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகளாக்கியது. 1952-இல்தான் அது நீங்கியது. அவர்களை வெளியார் தமக்குத் தோன்றியபடி எழுதியதால் வந்த வினை அது. கள்வர் என்று எழுதுவதும் கபடமே அறியாத குழந்தைகள் என்று எழுதுவதும், அவர்களைப் பார்க்காமல் எழுதுவதுதான்.

ஆனால் ஒரு சடங்கு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட ‘தோடர்கள்’ நூலில், நீலகிரியின் எருமைப் பால்மனைகள் கோயில்களாகவே இருப்பதைக் காணலாம். பால் கறந்து கடைகிறவரே பூசாரி. உள்ளே புழங்கும் கலம் வெளிக்கலத்தைத் தொடக் கூடாது. இடையில் ஒரு கலம் வைத்துத்தான் மாற்றி ஊற்ற வேண்டும். பெண்கள் அங்கே நுழைய முடியாது. அன்றாட வேலைதான் அங்கே வழிபாடு, அதில் சிலரை உறுத்தும் விதியும் இருக்கிறது. உங்கள் மக்களிடம் உறுத்தும் விதி ஒன்றுகூட இல்லை. ஒன்றை உருவாக்குங்கள், அதை மீற நினைக்கும் ஒரு பெண்ணையும் உருவாக்குங்கள்.

முதல் அத்தியாயத்தை இடம் மாறும் நாளில் தொடங்கிப் பாருங்கள். நெனெட்ஸ் குடும்பங்களில் தெய்வ உருக்களுக்கென்றே தனிச் சறுக்குவண்டி உண்டு. உங்கள் மக்களின் தெய்வம் எதில் ஏறிப் போகிறது? அதை யார் தொடலாம், யார் தொடக் கூடாது? ஆற்றைக் கடக்கும்போது சுமை தாங்காமல் வண்டி சாய்ந்தால், எதை முதலில் இறக்கிவிடுவார்கள்?